நாலாவது காட்சியில் நிற்பவள்

“...விடியக்காலம் அஞ்சு மணியில இருந்து நிக்கேன் மாமா. கொஞ்சம் உக்காந்துக்கிட்டுப் பேசட்டுமா?”

என் கையிலிருந்த தாள்களில் இந்த வரி இல்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, யாராவது தடுமாறினால் அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பது என் வேலை. தாளில் அந்த இடத்தில் இருந்தது இதுதான்: “நான் சொல்றதுக்கு என்ன இருக்கு மாமா? நீங்க பார்த்துச் செய்யுங்க.” அதைச் சொல்லிவிட்டு மருமகள் உள்ளே போய்விட வேண்டும். அவள் போகவில்லை. நாடகத்தில் மாமனாரிடம் பேச வேண்டியதை விட்டுவிட்டு, தன் ஊர்ப் பேச்சில், தன் சொந்தக் காலுக்காகக் கேட்டுக்கொண்டு மேடையில் நின்றாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொன்று, மாமனார் வேஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சார். மூன்றாவது நான். பிழை என்னிடமிருந்து தொடங்கியதால் நான்தான் சொல்ல வேண்டும்.

நாடகக் குழு என்று சொன்னால் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். மட்டாஞ்சேரியிலும் சுற்றுவட்டத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் கூடுவோம். மத்தியானம் சாப்பாடு, பிறகு பிள்ளைகளின் ஆட்டம் பாட்டு, நாலரை மணிக்கு எங்கள் நாடகம். குழுவில் ஐந்து பேர். சார் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற குடும்பம். நாடகம் எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, பெரியவர் வேஷம் கட்டுவது எல்லாம் அவர். கதாநாயகன் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் அவனுடைய வசனத்தை மட்டும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். மூன்றாவது ஆள் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர். நாலாவது அவள். சுள்ளிக்கல் பக்கம் ஒரு ஷெட்டில் ஹோட்டல் விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் இஸ்திரி போடுகிறவள். எங்கள் குழுவின் ஒரே பெண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னை அண்ணே என்பாள்.

ஐந்தாவது நான். கொச்சங்காடியில் ஒரு சுக்கு, மிளகு கிடங்கில் சாக்குகளின் வாய் தைக்கிறேன். எனக்கு மேடையில் வேஷம் கிடையாது. ஆனால் ஒத்திகையில் எல்லா வேஷமும் என்னுடையதுதான். அது எப்படியென்றால், சமையல்காரனுக்கு மூன்று மணிக்கு மேல்தான் ஓய்வு. ஐஸ்காரர் பதினொரு மணிக்கே வேலை முடிந்து, பன்னிரண்டுக்குத் தூங்கிவிடுவார். அவளுக்கு மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டு நேரம். சாருக்கு எப்போதும் ஓய்வுதான், ஆனால் முதுகு சரியில்லை, என் கிடங்கின் மரப்படி ஏற முடியாது. ஆகவே எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கடைசி வாரம் ஒரு முறைதான். அதுவரை ஒவ்வொருவரும் தங்கள் நேரத்துக்கு என் கிடங்கு மாடிக்கு வருவார்கள். மற்ற எல்லாருக்கும் பதிலாக நான் நிற்பேன். எங்கள் ஊரில் இதைப் பகரம் நிற்பது என்போம். அவளுக்கு நான்தான் புருஷன், நான்தான் மாமனார். அவள் போனதும் சமையல்காரன் வருவான். அவனுக்கு நான் பெண்டாட்டி. “ஏங்க, கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்” என்று நான் மேலே சொன்னால், கீழே மூட்டை இறக்குகிறவர்கள் குரல் கொடுப்பார்கள்: “சேட்டா, இன்னிக்கு என்ன கறி?”

உண்மையைச் சொன்னால் எங்கள் குழுவில் களைப்புதான் மூத்த உறுப்பினர். எல்லாரையும்விட முன்னால் அது வந்து உட்கார்ந்திருக்கும். ஐஸ்காரர் கோபமான வசனத்தைக் கொட்டாவியோடு ஆரம்பிப்பார். “ஐஸுக்குள்ள கை வெச்சு வெச்சு எனக்குக் கோபமே மரத்துப்போச்சு, என்னைப் போயி வில்லன்ங்கிறீங்க” என்பார். சமையல்காரன் என்னிடம் ஒரு காலி வாளி கேட்டு வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டுதான் வசனம் சொல்லுவான். “சேட்டா, நான் இதைப் படிச்சதே சாம்பார் வாளி தூக்கிட்டு நடக்கும்போதுதான். வாளியை இறக்கினா வசனமும் கூடவே இறங்கிப்போகும்” என்றான். சிரித்தேன். அவன் சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அவள் பதினோரு வருஷமாக எங்கள் நாடகங்களில் நடிக்கிறாள். “காபி ஆறிடப்போகுதுங்க.” “இதோ வந்துட்டேன்.” “ஐயோ, என் புள்ளே!” இவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வசனங்கள். “நான் இதுவரைக்கும் பேசுனது எல்லாத்தையும் ஒரு தீப்பெட்டி முதுகுல எழுதிடலாம் அண்ணே” என்று ஒரு தடவை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. விரிப்பு எத்தனை ஆயிற்று என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

இந்த முறை சாருக்கு என்ன தோன்றியதோ, நாலாவது காட்சியில் அவளுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டார். கதை இதுதான். பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று மாமனாரும் புருஷனும் அடுத்த வீட்டுக்காரரும் மூன்று காட்சி முழுக்கப் பேசுவார்கள். மருமகள் தண்ணீர் கொண்டுவருவாள், சுவரோரம் நிற்பாள், போவாள். நாலாவது காட்சியில் மாமனார் பேச்சுக்காக, “நீ என்னம்மா சொல்றே?” என்று கேட்பார். அவள் சொல்லுவாள். எந்த அறையில் எத்தனை வருஷம் என்ன செய்தாள் என்று நிறுத்தாமல் சொல்லுவாள்.

எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிடக் கேட்டுப் படிப்பது அவளுக்கு எளிது. நான் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

“இது அம்புட்டும் நானா பேசுதேன்?”

“நீதான்.”

“நடுவுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?”

“மாட்டாங்க.”

“இருமக்கூட மாட்டாகளா?”

“எழுதலே.”

“இன்னொருக்க வாசிங்க அண்ணே” என்றாள்.

அன்றைக்கு அவள் படியேறி வந்ததும் முதலில் பார்த்தது என்னை அல்ல, மூலையில் கிடந்த நாற்காலியை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் கம்பியால் கட்டியது. “அது யாருது?” என்றாள். யாருடையதும் இல்லை என்றேன். உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி ஒரு சுக்கு மூட்டைமேல் வைத்தாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு, மண்புழுக்கள் பின்னிக்கொண்ட மாதிரி இருந்தது. “டாக்டர் நிக்கக் கூடாதுன்னுட்டாரு. படுத்துக்கிட்டு எப்படி இஸ்திரி போடுறதுன்னு மட்டும் சொல்லல” என்றாள்.

அதற்குமேல் அவளை எழுந்து நில் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஐந்து மணிக்கு மேசை முன்னால் நிற்க ஆரம்பித்தவள். இரண்டரைக்குத் திரும்பப் போய் ஆறு வரை நிற்கப்போகிறவள். உட்கார்ந்தே சொல், கடைசியில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றேன். செவ்வாயும் வியாழனும், ஆறு வாரம்.

ஆறு வாரத்தில் அந்தப் பேச்சு அவளுக்குள் எப்படி இறங்கியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். சமையலறையைப் பற்றிச் சொல்லும்போது முழங்கால்மேல் கையைத் தேய்ப்பாள். பிள்ளை பிறந்த அறையைச் சொல்லும்போது முன்னால் சாய்வாள். “கிணத்தடியில எத்தனை குடம்னு யாராவது எண்ணினீங்களா?” என்று கேட்கிற இடத்தில் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொள்வாள். அப்படிச் சாய்ந்துகொண்டு கேட்கும்போது எனக்கே பதில் சொல்ல வேண்டும் போல இருக்கும். ஒரு நாள் கீழே மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது.

நாடகத்துக்கு முந்தின ஞாயிறு, சார் வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடினோம். முதல் மூன்று காட்சி நன்றாகவே போயிற்று. ஒரு சிக்கல், எல்லா வருஷமும் வருவதுதான்: எல்லாரும் என்னோடு ஒத்திகை பார்த்தவர்கள், ஆகவே ஒருவரையொருவர் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசுவார்கள். சமையல்காரன் அவளிடம் கேட்க வேண்டியதை மூலையில் நின்ற என்னிடம் கேட்டான். “உன் பெண்டாட்டி அங்கே இருக்காடா” என்று சார் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

நாலாவது காட்சி. சார் நாற்காலியில் உட்கார்ந்து, “நீ என்னம்மா சொல்றே?” என்றார். அவள் சுவரோரம் நின்றபடி முதல் வரியைச் சொன்னாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் இரண்டாவது வரியை எடுத்துக்கொடுத்தேன். திருப்பிச் சொன்னாள். மூன்றாவதையும் கொடுத்தேன். திருப்பிச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. உயிர் இல்லை. இரண்டாம் முறை அதே கதை. மூன்றாம் முறை முதல் வரியே வரவில்லை. அவள் கை இரண்டும் எங்கே போவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டன. இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு மாறி மாறி நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டுகிற ஆள் அல்ல. “சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், கேட்டயா. வரலேன்னா ரெண்டு வரியோட நிறுத்திக்கலாம். பாக்கியைப் புருஷன் பேசட்டும்” என்றார்.

“ஐயோ, எனக்கு இருக்கிற வசனமே மதி, போதும் சார், இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்” என்றான் சமையல்காரன்.

பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தேன். அங்கே வந்ததும் சொன்னாள். “தலைக்குள்ளதான் அண்ணே இருக்கு. நல்லாத் தெரியுது. வாய்க்கு வர மாட்டேங்கு.”

“நீ உக்காந்து படிச்சது. அதான்” என்றேன்.

சிரிக்கப் பார்த்தாள். பிறகு யோசித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து சாப்பாட்டை விட்டுவிட்டு தினமும் வந்தாள். நாற்காலியை எடுத்து மூட்டைகளுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நின்று சொல்லிப் பார்த்தாள். நாலு வரி வரும், நிற்கும். நடந்துகொண்டு சொல்லச் சொன்னேன். ஆறு வரி வந்தது. புதன்கிழமை சுவரில் கை ஊன்றி நின்றாள்; அதுவும் சரிப்படவில்லை. “நின்னா காலு பேச ஆரம்பிச்சுருதுண்ணே. அது பேசுனா நான் எங்க பேச?” என்றாள். நானும் அன்றைக்குக் காலையிலிருந்து நூற்றுக்கும் மேல் சாக்குத் தைத்திருந்தேன். கோணி ஊசி பிடித்த விரல் நிமிரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து சார் வீட்டுக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். ஆறு வாரமும் நான்தான் உட்கார வைத்தேன், தப்பு என்னுடையது, அவளுக்கு ஒரு நாற்காலி கொடுங்கள் சார் என்றேன்.

“நாட்டுப்பொண் மாமனார் எதிர்ல நாற்காலி போட்டு உக்காருவாளோடா?”

“இந்தக் காலத்துல உக்காருவா சார்.”

“என் நாடகத்துல உக்கார மாட்டா. நான் சொல்றதக் கேளு. அந்தப் பொண் மூணு ஸீன் நிக்கறா. நாலாவதுலயும் நின்னுண்டு பேசினாத்தான் ஜனம் அழும். உக்காந்துண்டு பேசினா பஞ்சாயத்து மாதிரி ஆயிடும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எழுதறது நான், ஆள் பிடிக்கறது நான், மண்டபத்துக்கு அலையறது நான். மேடையில மாமனாரா உக்காந்திருக்கற அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு ஓய்வுன்னு சொல்லலாம்.”

“அதையேதான் சார் அவளும் கேக்கறா.”

அவர் கோபித்துக்கொண்ட மாதிரி இல்லை. களைத்துப்போனவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதில் வீம்பு இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து யோசிக்கத் தெம்பில்லாததால் வருவது அது. சார் ஒரு தாளை எடுத்து, ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். “நீயே சொல்லிடு அவகிட்ட” என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் படியேறி வந்தாள். மனசு வராமல், ஒன்றும் சொல்லாமல் ஒத்திகை பார்த்து அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலையில் நானே அவள் ஷெட்டுக்குப் போனேன். அவளும் இன்னும் மூன்று பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஈரத்துணிமேல் பெட்டி ஓடி ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தாளைக் காட்டி, சார் சொன்னதையும் சொன்னேன். குறுக்குக் கோட்டைப் பார்த்தாள். எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

“நின்னு பேசுனா சனம் அழும்னாராக்கும்?”

“ஆமா.”

“அழுவுறது பாக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க.” பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. விரிப்பை நாலாக மடித்து, அதன்மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள். “சரிண்ணே. நிக்கிறவளுக்கு ரெண்டு வரி போதும்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஷெட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். ஏதோ ஹோட்டலில் கல்யாணம், விரிப்புகள் அவசரம். மண்டபத்தின் பின்னறையில் நின்றபடியே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள். அங்கிருந்த ஒரே பெஞ்சில் சமையல்காரன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பட்டுமா என்று கேட்டேன். “பாவம், தூங்கட்டும்” என்றாள்.

நாடகம் தொடங்கியது. சாப்பாடு முடிந்த அசதியில் பாதி மண்டபம் கண்ணயர்ந்திருந்தது. மூன்று காட்சி சுவரோரம் நின்றாள். தண்ணீர் கொண்டுவந்தாள், நின்றாள், போனாள். ஒவ்வொரு தடவை பக்கத் திரைக்குள் வரும்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடி போனாள்.

நாலாவது காட்சி. மேடையில் சாருடைய நாற்காலி ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் தண்ணீர்ச் செம்பு. புருஷனும் அடுத்த வீட்டுக்காரரும் இந்தப் பக்கம் நின்றார்கள். சார், “நீ என்னம்மா சொல்றே?” என்றார்.

அவள் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். நான் தாளைப் பார்த்து, “நான் சொல்றதுக்கு என்ன இருக்கு மாமா” என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். கேட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் குழுவில் முதல் தடவையாக ஒரு ஆள் என்னைப் பார்க்காமல், எதிரில் இருப்பவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான், விடியக்காலத்திலிருந்து நிற்பதாகவும், கொஞ்சம் உட்கார்ந்து பேசட்டுமா என்றும் கேட்டாள்.

சமையல்காரன் வாயைத் திறந்தான், மூடினான். ஐஸ்காரருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. சார் அசையவில்லை. ஆனால் மேடையில் இருக்கும்வரை அவர் மாமனார். மாமனாராகத்தான் எதையும் செய்ய முடியும். முன்வரிசையில், பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்: “உக்காரும்மா, யாரு வேண்டாம்னா?” பின்னால் யாரோ, “அதானே” என்றார்கள்.

சார் முன்வரிசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுதிவைத்த மறுமொழி அவரிடமும் இல்லை.

அவள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. முக்காலிமேல் இருந்த செம்பை எடுத்து, “இதைக் கொஞ்சம் பிடிங்க மாமா” என்று சாரின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள். முக்காலியைக் காலால் தள்ளி மேடை நடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். இடது காலை நீட்டி, புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, முழங்கால்மேல் கையை வைத்தாள். பிறகு, குறுக்கே அடித்த ஒன்றரைப் பக்கத்தை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.